தொங்குவதற்கு ஒரு சாரம்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் உள்ள குருவிநத்தத்தைச் சேர்ந்தவர் சேவியர். பிறந்த ஆண்டு 1971. எட்டாம் வகுப்பு வரை படித்தார். தகப்பனாரும் தாயாரும் அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். இருபத்திரண்டாம் வயதில் சேவியர் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலைக்குப் போனார். சவுக்கு மரங்களை நிமிர்த்தி நட்டு, குறுக்கு மரங்களை நார்க்கயிற்றால் பிணைத்து, கொத்தனாரும் பூச்சுக்காரரும் பெயிண்டரும் ஏறி நின்று வேலை செய்ய வழி பண்ணுவது அந்தத் தொழில். 2024-ஆம் ஆண்டு மே மாதம் வரை அவர் கட்டிய சாரங்கள் நூற்று எண்பத்தாறு. உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கும். முதல் நான்கு ஆண்டுகளின் கணக்கு அவருக்கே நினைவில்லை.

1996-இல் வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில், வேறொருவர் கட்டிய சாரத்திலிருந்து பூச்சுக்காரர் ஒருவர் விழுந்து இறந்தார். குறுக்கு மரத்தின் முடிச்சு நழுவியிருந்தது. சேவியர் அப்போது பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு மரத்தையும் கட்டி முடித்ததும், அதன் மேல் ஏறி நின்று வலது காலால் மூன்று முறை, இடது காலால் மூன்று முறை மிதித்துப் பார்ப்பார். மரம் துளி அசைந்தாலும் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

"கட்டிலு ஆடுதான்னு பாக்காம படுக்க மாட்டாரு" என்று அவர் மனைவி ஆரோக்கியசெல்வி சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு மாலயோட வந்து நாற்காலிய ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. எங்க மாமா, இன்னா மாப்பிள்ளைக்குப் பொண்ணு புடிக்கலியான்னு கேட்டுட்டாரு."

பாகூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு விலங்கு மீட்பு மையம் இருக்கிறது. கடத்தலில் பிடிபட்டவை, அனுமதியில்லாமல் வளர்க்கப்பட்டவை, காயம்பட்டவை என்று அங்கே விலங்குகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே பதிவேடு எழுதுவது என் வேலை. தேதிகளும் அளவுகளும் அதிலிருந்து எடுத்தவை.

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, வனத்துறை வண்டியில் ஒரு பெண் கிப்பன் வந்தது. கிப்பன் என்பது வாலில்லாத, கை மிக நீண்ட குரங்கு. நம் நாட்டில் வடகிழக்குக் காடுகளில் மட்டும் வாழ்கிறது. மர உச்சியிலேயே இருக்கும். கிளைக்குக் கிளை கையால் தொங்கியே போகும். தரைக்கு அநேகமாக இறங்காது. இதை யாரோ குட்டியில் வாங்கி, கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீட்டில், நான்கடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள கிளிக்கூண்டில் வைத்திருந்தார்கள். வயது ஏறத்தாழ ஏழு. எடை ஐந்து கிலோ நானூறு கிராம். ஒரு கிலோவாவது குறைவு. பழுப்பு நிற உடல், புருவம் வெள்ளை. பதிவேட்டில் அதன் எண் 41.

அதைப் பார்த்துக்கொண்டவர் கஸ்தூரி. சேலியமேட்டில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள். அவர் 41-க்கு நாத்தனா என்று பேர் வைத்தார். "எத வச்சாலும் மொதல்ல ஒரு மொறை மொறைச்சிட்டுதான் துன்னுது. எங்க வூட்டு நாத்தனா அப்படியே."

மையத்தின் மருத்துவர் வெண்ணிலா. 41-ஐ நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவர் எழுதினார். கம்பி வலை போட்ட பெரிய கூடாரம் ஒன்று கட்டவேண்டும், ஆய்வுக் குழு வந்து பார்க்கும், விலங்கு அதில் இயல்பாக நடமாடினால்தான் அனுமதி என்று பதில் வந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் 41 வேறு மாநிலத்துப் பூங்கா ஒன்றுக்குப் போகவேண்டும். அங்கே அப்போது காலியாக இருந்தது ஒரு சிமென்ட் அறை மட்டும். பத்தடிக்கு எட்டடி.

வெளிச் சட்டமும் கம்பி வலையும் கடலூர் ஒப்பந்தக்காரர் போட்டார். நீளம் அறுபது அடி, அகலம் முப்பது, உயரம் இருபத்து நான்கு. ஓரத்தில் சின்ன இரவு அறை. உள்ளே மரங்கள் கட்டுவதற்குச் சேவியரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார். பல மட்டங்களில் மரம் வேண்டும், எங்கும் அறுபடாமல் வழி இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவரும் அதுவரை கிப்பன் வளர்த்ததில்லை, படித்ததை எழுதினார்.

சேவியர் ஜூன் 3 அன்று தொடங்கி 22 அன்று முடித்தார். நிமிர்ந்து நின்ற மரங்கள் இருபத்திரண்டு. குறுக்கு மரங்கள் அறுபத்து நான்கு. நாலரை அடிக்கு ஒரு மட்டமாக நான்கு மட்டம். மரத்துக்கு மரம் ஆறடி. எங்கும் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை, நான் அளந்து பார்த்தேன். அறுபத்து நான்கையும் அவர் மிதித்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 24 காலை 7.10-க்கு 41-ஐ உள்ளே விட்டார்கள். அது மரம் எதையும் தொடாமல் கம்பி வலையைப் பிடித்தே மேலே ஏறி, வடகிழக்கு மூலையில் நான்காம் மட்டத்தில் போய் உட்கார்ந்தது. மாலை வரை அங்கேயே இருந்தது.

ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போனால் ஓர் அசைவு என்று நாங்கள் எண்ணினோம். முதல் பத்து நாளில் சராசரி, நாளுக்குப் பதின்மூன்று. அதிலும் பெரும்பாலானவை இரண்டு காலால் மரத்தின் மேல் நடந்தவை. மதில் மேல் நடக்கும் ஆளைப் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்தது. கையால் தொங்கிப் போனது பத்து நாளில் இரண்டு முறை. இரண்டாவது முறை ஜூன் 29 பிற்பகல். மூன்றாம் மட்டத்தில் தொங்கி வீசியபோது கீழ் மரத்தில் கால் இடித்துக்கொண்டது. பிறகு நான்கு மணி நேரம் மூலையை விட்டு நகரவில்லை.

ஜூலை முதல் தேதி கடிதம் வந்தது. ஆய்வுக் குழு 26-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை வரும்.

ஜூலை 5 அன்று டாக்டர் சேவியரை வரவழைத்தார். வேப்ப மரத்தடியில் பேசினார்கள்.

"மேஸ்திரி, காட்டுல கிளை ஆடும். இங்க ஒண்ணுமே ஆடல. அதுக்கு இது செவுரு மாதிரி இருக்குபோல. கொஞ்சம் லூசா கட்டிப் பாக்கலாமா?"

"லூசாவா?" என்றார் சேவியர். "டாக்டரம்மா, ஊசி போடறப்ப மருந்தப் பாதியா போடுங்கன்னு நான் சொன்னா போடுவீங்களா?"

கஸ்தூரி குறுக்கிட்டார். "அதுல ஏறி நின்னு யாரு மேஸ்திரி சுண்ணாம்பு அடிக்கப் போறா? கொரங்குதான?"

"கொரங்கு வுழுந்தா எலும்பு ஒடையாதா? நான் லூசா கட்ட மாட்டன். எனுக்குக் கை வராது."

"விழும்னு நான் சொல்லல" என்றார் டாக்டர். "ஏறவே இல்லன்னு சொல்றேன். இருபத்தாறாம் தேதி இப்படியே மூலையில குந்திகிட்டு இருந்தா அனுப்பிடுவாங்க."

"அப்ப நான் கட்டினதாலதான் அது போவுதுன்னு சொல்றீங்க."

சேவியர் தன் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கூடாரத்தைக் கழுவுவதற்காக 41-ஐ இரவு அறைக்கு மாற்றியிருந்தார்கள். கஸ்தூரி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். சேவியர் யாரையும் கேட்காமல் வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, மூன்றாம் மட்டத்துக்கு ஏறினார். அங்கே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடம்பைக் கீழே விட்டார்.

கஸ்தூரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யோவ் மேஸ்திரி! இன்னா பண்றீங்க? நீங்க வுழுந்து வச்சா ஆரோக்கியம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"கம்முனு இரு. எண்ணு."

"எத எண்ணறது?"

"எவ்ளோ நேரம் தொங்கறேன்னு எண்ணு."

அவர் சரியாகத் தொங்கினார் என்றும் சொல்லமுடியாது. நாலரை அடி கீழே அடுத்த மரம் இருந்தது. அவர் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மடக்கியபடியே முன்னால் வீசிப் பார்த்தார். கெண்டைக்கால் கீழ் மரத்தில் மோதித் தோல் உரிந்தது. விரல்களும் மரத்தைச் சுற்றி முழுதாக மூடவில்லை. அந்த மரத்தின் சுற்றளவு பதினொரு அங்குலம். கஸ்தூரி பதினேழு வரை எண்ணியபோது சேவியர் கீழ் மரத்தில் காலை ஊன்றிவிட்டார்.

இறங்கி வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டார். வாளி ஆடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நான் கால் வச்சி நிக்கறதுக்குக் கட்டிகீறன்" என்றார். "அது நிக்கறதுக்கு வரல. தொங்கறதுக்கு வந்துகீது. நமக்கு மரத்துக்கு மேல எடம் வோணும். அதுக்கு மரத்துக்குக் கீழ எடம் வோணும்."

"இதச் சொல்றதுக்கு நீங்க போய்த் தொங்கணுமா? நாத்தனா ரெண்டு வாரமா இதத்தான சொல்லிகினுகீது."

"அது சொன்னது ஒனுக்கும்தான புரியல."

"எனுக்கு இன்னா தெரியும், நான் சாரக்காரியா?" என்றார் கஸ்தூரி. பிறகு உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து கொடுத்தார்.

ஜூலை 8 அன்று சேவியர் அவிழ்க்கத் தொடங்கினார். முதல் மட்டத்தையும் மூன்றாம் மட்டத்தையும் அடியோடு எடுத்தார். அறுபத்து நான்கு குறுக்கு மரங்களில் மிஞ்சியவை பத்தொன்பது. தடித்த சவுக்குக்குப் பதிலாகக் கல்மூங்கில் வந்தது, விரல்கள் சுற்றி மூடக்கூடிய பருமனில் முப்பத்தொன்று. மூங்கிலின் இரண்டு முனையிலும் முடிச்சு வழக்கம்போல இறுக்கம்; நடுவில் மட்டும் மூங்கில் தானாக வளைந்துகொடுத்தது. ஆடுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அதுதான். முடிச்சை அவர் கடைசிவரை தளர்த்தவில்லை.

கயிற்றுக்காகப் பிள்ளைச்சாவடிக்குப் போய்ப் படகுக்காரர்களிடம் பழைய நைலான் வடம் வாங்கிவந்தார். டாக்டர் அதை வேண்டாம் என்றார். நைலான் பிரிந்தால் இழை விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். சேவியர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பக் கொண்டுபோனார். அடுத்த நாள் தாவர நாரில் முறுக்கிய மணிலாக் கயிறு வந்தது. ஏழு இடங்களில் தொய்வாகக் கட்டினார்.

இடைவெளிகள்தான் அவருக்குச் சிரமமாக இருந்தன. பழக்கத்தில் கை ஆறடிக்கே போனது. டாக்டர் அவருக்கு மூன்றடி, ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி என்று கலந்து ஒரு பட்டியல் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூங்கிலுக்கும் எடுத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் அப்படியும் ஆறடி வந்துவிட்டது, அவிழ்த்து மாற்றினார்.

மிதித்துப் பார்க்கும் பழக்கமும் இங்கே உதவவில்லை. வளையும் மூங்கிலில் ஆள் நிற்க முடியாது. நாற்பது கிலோ மணல் மூட்டை ஒன்றை ஒவ்வொரு மூங்கிலிலும் கயிற்றிலும் கட்டித் தொங்கவிட்டு, முடிச்சருகே சுண்ணாம்பால் கோடு போட்டு, கோடு நகர்கிறதா என்று பார்த்தார். முப்பத்தெட்டில் ஒன்றில் கால் அங்குலம் நகர்ந்திருந்தது. அதைப் புதிதாகக் கட்டினார்.

தட்டி வைக்கச் சொன்னவர் கஸ்தூரி. மூலையில் உட்கார்ந்த நாட்களில் 41 எப்போதும் ஆட்கள் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டியே இருந்தது. கம்பி வலைக்கு வெளியே ஆறடி தள்ளி, தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று நிறுத்தினார்கள். பார்ப்பவர்கள் அதிலுள்ள இடுக்கு வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

ஜூலை 15, திங்கட்கிழமை, மறுபடியும் உள்ளே விட்டார்கள். அன்று அசைவுகள் இருபத்தொன்று. மறுநாள் நாற்பத்து நான்கு. மூன்றாம் நாள் எண்பத்தெட்டு; அதில் எழுபத்தாறு கையால் தொங்கிப் போனவை.

18-ஆம் தேதி காலை 6.20-க்கு 41 கத்தியது. மையத்துக்கு வந்த ஐந்து மாதத்தில் அதுவே முதல் முறை. தாழ்வாகத் தொடங்கி, மேலே மேலே போய், உச்சத்தில் நீண்டு நின்றது. பதினொரு நிமிடம். பக்கத்துக் கரும்பு வயலின் சொந்தக்காரர் உலகநாதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்தார்.

"இன்னாம்மா கஸ்தூரி, ஆம்புலன்ஸு எதுனா உள்ள வந்துடிச்சா?"

"நாத்தனா பாடுது சித்தப்பா."

"பாடுதா? என் மாடு ரெண்டும் கயிற அறுத்துகினு ஓடிடுச்சு. தெனமும் பாடுமா இது?"

"தெனமும் பாடணும்னுதான் நாங்க கும்பிட்டுகினு கீறோம்."

"நல்லா கும்பிடு. என் மாட்டையும் நீயே வந்து புடி" என்று சொல்லிவிட்டு உலகநாதன் மாடு போன திக்கில் நடந்தார்.

26-ஆம் தேதி காலை 10.40-க்குக் குழுவினர் மூவர் வந்தார்கள். தலைவர் அறுபது வயதை நெருங்கியவர், கண்ணாடி போட்டிருந்தார். மூவரும் தட்டியைத் தாண்டிப் போய் வலையருகே நின்றார்கள். 41 வடகிழக்கு மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆயிற்று. சேவியர் உள்ளே கூப்பிடப்படவில்லை. நாற்பதடி தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றார். அங்கிருந்து தட்டிதான் தெரியும், விலங்கு தெரியாது.

தலைவர் பதிவுத்தாளைப் பார்த்தார். "எண்பத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒண்ணுகூட இல்லையே, டாக்டர்?"

டாக்டர் பதில் சொல்வதற்கு முன் கஸ்தூரி பேசிவிட்டார். "சார், நீங்க குளிக்கறப்போ மூணு பேரு எதிர்ல வந்து நின்னா குளிப்பீங்களா? தட்டிக்கு இந்தாண்ட வாங்க சார்."

டாக்டர் தரையைப் பார்த்தார். தலைவர் கஸ்தூரியைப் பார்த்தார். பிறகு தட்டிக்குப் பின்னால் வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். அப்போது மணி 11.05.

11.12-க்கு 41 திரும்பிப் பார்த்தது. கையை நீட்டி முதல் மூங்கிலைப் பிடித்தது. அங்கிருந்து கூடாரத்தின் மேற்கு முனை வரை ஒன்பது பிடியில் போய்ச் சேர்ந்தது. ஒன்பதடி இடைவெளியில் இரண்டு கையையும் விட்டுக் காற்றில் கடந்தது. என் கணக்கில் ஆறு விநாடி. டாக்டரின் கைப்பேசியில் ஏழு. திரும்பி வரும் வழியில் ஒரு கயிற்றில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, கூரையிலிருந்து கட்டிவிட்டிருந்த கொய்யாவைப் பறித்துத் தின்றது. மூங்கில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிட்டு வளைந்தது வேப்ப மரத்தடிவரை கேட்டது. சேவியர் ஒன்பதை விரல்விட்டு எண்ணியிருந்தார்.

பிற்பாடு அவரை அழைத்தார்கள். தலைவர் கேட்டார்: "ஏன் இடைவெளி எல்லாம் வேற வேறயா இருக்கு?"

"ஒரே மாதிரி இருந்தா அதுக்கு யோசன பண்ண வேல இல்ல சார். மொதல்ல ஒரே மாதிரிதான் கட்டினேன். அது தப்பு."

"கயிறு அறுந்தா?"

"மாசம் ஒருவாட்டி மணல் மூட்ட கட்டிப் பாப்பன் சார். அறுவறதுக்கு மின்னாடி மாத்திடுவன்."

தலைவர் எழுதிக்கொண்டார். அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. 1.30-க்கு மூவரும் புறப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 2 அன்று கடிதம் வந்தது. 41 இங்கேயே இருக்கலாம். அதற்குத் துணையாக ஓர் ஆண் கிப்பனை அனுப்பவும் வழி உண்டு; ஆனால் கூடாரம் மேற்கே இன்னும் முப்பதடி நீளவேண்டும். மாதாந்திர மணல் மூட்டைச் சோதனையைப் பதிவேட்டில் எழுதிவரவேண்டும்.

கஸ்தூரி சேவியரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். அவர் ஒதியம்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, லெட்டர் வந்துடிச்சு."

"இருக்குதா, போவுதா?"

"இருக்குது. ஆனா முப்பதடி..."

"செரி. மேல மரத்துல நின்னுகினுகீறன். வச்சிடு."

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வந்து மேற்குப் பக்கம் நூல் பிடித்து நான்கு முளை அடித்தார். 41 நேர் மேலே, வலைக்குள்ளிருந்து ஒரு கையால் தொங்கியபடி முறைத்துக்கொண்டிருந்தது. அன்று அசைவுகள் நூற்றுப் பதினேழு. அவற்றில் அறுபத்தொன்பது மேற்குக் கோடியில்.